அரை நூல்

எங்கள் பள்ளியின் கீற்றுக் கொட்டகையைப் பிரித்தபோது ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தன. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். பள்ளிகளில் இனிக் கீற்றுக் கூரையே கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே நாலைந்து பேர் அரிவாளோடு வந்து கயிற்றை அறுத்துக் கீற்றை இறக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் உடனே திரும்பிப் போகவில்லை. சத்துணவு அடுப்பையும் கொட்டகை நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வேலியோரமாக வெகுநேரம் நின்றார்கள்.

வெளியில் வைத்துப் பாடம் நடத்துவதன் மேன்மையைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். நானும் பயிற்சி முகாம்களில் பேசியிருக்கிறேன். ஆனால் எங்களை வெளியே அனுப்பியது எந்தக் கல்விக் கொள்கையும் இல்லை. உள்ளே இடமில்லை, அவ்வளவுதான்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இறங்கி, தைலமரக் காட்டையும் முந்திரித் தோப்புகளையும் தாண்டி நடந்தால் வருகிற செம்மண் ஊர். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஓட்டுக் கட்டடத்தில் ஐந்து வகுப்புகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஆறாம் வகுப்புக்குத் தாழ்வாரம். மீதி இரண்டு வகுப்புக்கும் சேர்த்து 43 பேர், மரத்தடியில், என்னோடு. கரும்பலகையை மரத்தில் சாய்த்துக் கயிற்றால் கட்டிவிட்டோம். கட்டெறும்பு, காக்கை எச்சம், புத்தகத்தின் ஓரத்தை மெல்ல வரும் ஆடு எல்லாவற்றுக்கும் ஒரு வாரத்தில் பழகிவிட்டோம். பழக முடியாதது வெயில்தான். காலையில் மரத்துக்கு மேற்கே உட்காருவோம். இரண்டாவது பீரியட் முடிவதற்குள் நிழல் சுருங்கிக் கடைசி வரிசையின் முதுகைச் சுடும். எழுந்து முன்னால் நகருவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் தூரை ஒட்டி நெருக்கிக்கொண்டு நிற்க, சாப்பாட்டுக்குப் பிறகு மரத்துக்குக் கிழக்கே போய்விடுவோம். கரும்பலகையையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். அதற்கென்றே இரண்டு பையன்கள் இருந்தார்கள்.

"டீச்சர், நாம நடக்குற தூரத்தைக் கூட்டுனா வருசத்துக்கு எத்தனை மைல் வரும்?" என்று ஒருத்தி கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, கணக்காகக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் நிழலை அளக்கலாம் என்ற யோசனை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

எனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1991–92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. இரவில் லாந்தர் வெளிச்சத்தில் அக்காமார்களுக்கும் பெரியம்மாமார்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் தொண்டர். அவர்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, ஆண்கள் ஓட்டும் பார் சைக்கிள்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்மாய்க்கரையில் விழுந்து விழுந்து எழுந்த அந்தப் பெண்களுக்கு நான் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். சைக்கிளை அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. பிறகு ஆசிரியர் பயிற்சி, வேலை, அறிவியல் இயக்க நண்பர்கள், துளிர் பத்திரிகை என்று போயிற்று. 2004 ஜூன் 8-ஆம் தேதி சூரியனை வெள்ளி கடந்தபோது, முகம் பார்க்கும் கண்ணாடியில் சிறு ஓட்டை போட்ட கறுப்புத் தாளை ஒட்டி, இருட்டான கோயில் மண்டபத்துச் சுவரில் சூரியனைக் காட்டியிருந்தேன். 1882-க்குப் பிறகு அப்போதுதான் வருகிறது என்று நீட்டி முழக்கினேன். பிள்ளைகள் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளியா?" என்றார்கள். ஆளுக்கு அரை நிமிடம்கூட நிற்கவில்லை. காட்டுவதற்கு நான், பார்ப்பதற்கு அவர்கள் என்று ஆகிவிட்டது. அதில் அவர்கள் கைக்கு வேலையில்லை.

நிழல் அப்படியில்லை. ஒரு மீட்டர் நீளத்தில் நேரான கம்பு வேண்டும் என்றேன். மறுநாள் ஆசாரி மகன் இழைத்த கம்பு ஒன்றைக் கொண்டுவந்தான். எட்டாம் வகுப்பு. பேசவே மாட்டான். இங்கிலீஷில் அவன் வாங்குகிற மதிப்பெண்ணை நான் சத்தமாகப் படிப்பதில்லை. ஆனால் கம்பை நட்டுவிட்டு, கொத்தனாரிடமிருந்து இரவல் வாங்கிய தூக்குக்குண்டை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்து, மறுபடி பிடுங்கி, மறுபடி நட்டு, அரை மணி நேரம் எங்கள் எல்லாரையும் காக்க வைத்தான். "போதும்டா" என்றேன். "இன்னும் கொஞ்சம் மேக்க சாயுது டீச்சர்" என்றான்.

ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை அளக்கத் தொடங்கினோம். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் முனையில் ஒரு முள்ளைக் குத்த வேண்டும். எல்லாவற்றிலும் குட்டையான நிழல்தான் அன்றைய உச்சிப்பொழுது. கடிகாரத்தில் அது பன்னிரண்டுக்கு வரவில்லை, பன்னிரண்டே காலைத் தாண்டி வந்தது. கடிகாரம் தப்பு என்று முதலில் அதைத்தான் குறை சொன்னார்கள். இந்தியாவுக்கெல்லாம் ஒரே நேரம். அது எங்களுக்குக் கிழக்கே வெகுதூரத்தில் போகிற 82½ பாகைக் கோட்டின் நேரம். சூரியன் அங்கே உச்சிக்கு வந்து கால் மணி நேரம் கழித்துத்தான் நம் ஊருக்கு வருகிறது என்று கரும்பலகையில் படம் போட்டேன். யாருக்கும் பிடிக்கவில்லை. "அப்ப நம்ம சாப்பாட்டு மணியக் கால் மணி நேரம் லேட்டாவா அடிக்கணும்?" என்பதுதான் வந்த ஒரே எதிர்வினை.

அவர்களை உலுக்கியது வேறு. நிழல் தெற்கே விழுந்தது. கம்புக்குத் தெற்கே ஒன்பதரை சென்டிமீட்டர். தலைமையாசிரியரே வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, உச்சி நிழல் வடக்கால்ல விழும்?" என்றார். வருடத்தின் பெரும்பகுதி அவர் சொன்னது சரி. ஆனால் சித்திரை தொடங்கி ஆவணி வரைக்கும் சூரியன் எங்கள் ஊருக்கு வடக்கே போய்த் திரும்புகிறது. போகும்போது ஏப்ரலில் ஒரு நாள், திரும்பும்போது ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், உச்சந்தலைக்கு நேர் மேலே. நாற்பது வருடம் அந்த வெயிலில் நடந்த மனிதர் இதைக் கவனித்ததில்லை. நானும்தான், படித்துத் தெரிந்துகொண்டேனே தவிரப் பார்த்ததில்லை. என் அப்பத்தா வாசலில் தன் நிழலைக் காலால் அடி அளந்து மணி சொல்லும். அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்குமோ என்னவோ.

16-ஆம் தேதி அந்த ஒன்பதரை ஐந்தரை ஆயிற்று. 23-ஆம் தேதி ஒன்றரை. நிழல் நாளுக்கு நாள் கம்பை நோக்கி வருவதைப் பார்த்து மொத்தப் பள்ளியும் பைத்தியமாயிற்று. மூன்றாம் வகுப்புப் பொடிசுகள்கூட மணி பன்னிரண்டானால் ஓட்டுக் கட்டடத்திலிருந்து ஓடிவரும். ஒரு பழைய நோட்டில் முறை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு எழுதினார்கள். அதில் வானம் எப்படி இருந்தது, யார் அளந்தது, யார் முள்ளை மிதித்தது எல்லாம் உண்டு.

வெள்ளிக்கிழமை மதியங்களை நான் வேறு வேலைக்கு வைத்திருந்தேன். கண்மாய்க் களிமண்ணில் பொம்மை செய்வோம். பனையோலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்வோம். இதற்கு ஆசிரியர் நான் இல்லை, ஏழாம் வகுப்பில் இருந்த இரண்டு பெண்கள். ஒரு வெள்ளி டவுன் பஸ் பிடித்துக் குளமங்கலம் அய்யனார் கோயிலுக்குப் போனோம். வானத்தைப் பார்த்துத் தாவி நிற்கும் அந்தப் பெரிய குதிரையைப் புதுக்கோட்டைப் பக்கத்தில் தெரியாதவர் இருக்க முடியாது. மாசிமகத்துக்கு ஊரூராக வண்டி கட்டி வந்து காகிதப்பூ மாலைகளை அதற்குச் சார்த்துவார்கள். உயரம் 33 அடி என்று சொல்வார்கள். அளக்கலாமே என்று கம்பைக் கையோடு எடுத்துப் போனோம். கம்பு நிழலுக்கும் கம்புக்கும் என்ன விகிதமோ, அதே விகிதம்தான் குதிரை நிழலுக்கும் குதிரைக்கும். வகுப்பறைக் கரும்பலகையில் இது இரண்டு வரிக் கணக்கு. குதிரையின் முன்னால் போய் நின்றால்தான் தெரிந்தது. தலையின் நிழல் தரையில் விழுந்த இடம் சரி, அங்கிருந்து எதுவரை அளப்பது? தலைக்கு நேர் கீழே தரையில் எந்தப் புள்ளி? குதிரையோ தாவுகிறது, தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பூசாரி எங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டு திருநீற்றுத் தட்டோடு வெகுநேரம் நின்றார். ஒரு குழு 29 அடி என்றது, இன்னொரு குழு 36. இரண்டையும் எழுதிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் சண்டை. எனக்கு அந்தப் பயணம் ரொம்பப் பிடித்திருந்தது.

இனி ஆகஸ்ட் 26. வியாழக்கிழமை.

சென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த தோழியோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் நிழல் இல்லாமல் போகிற அதே நாளில் அவள் தன் பள்ளி மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பை நட்டு, உச்சி நிழலை அளக்க வேண்டும். எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் எகிப்தில் இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் செய்த வேலைதான். தெற்கே ஓர் ஊரில் சூரியன் கிணற்றுக்குள் நேராக எட்டிப் பார்க்கிறது. அதே நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் சாய்கிறது. அந்தச் சாய்வு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. ஊரை விட்டு நகராமல் உலகத்தை அளந்துவிட்டார்.

காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பதினொன்றரைக்குத் தெற்கே ஒரு மேகம் புறப்பட்டது. பன்னிரண்டு மணிக்குச் சூரியனை மூடிக்கொண்டது. 43 பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். சத்துணவு ஆயா கரண்டியோடு வெளியே வந்து அவரும் அண்ணாந்து பார்த்தார். எதற்கென்று கேட்கவில்லை. பன்னிரண்டு பத்துக்கு வெயில் வந்தது. கம்பைச் சுற்றி எல்லாரும் குனிந்து, தலையின் நிழலே கம்பின் மேல் விழ, நான் கத்தி விலக்கிவிட்டேன். பன்னிரண்டே காலுக்குக் கம்பு தன் நிழலைத் தின்றுவிட்டது. ஆளுக்கொரு தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்கள். கொடிக்கம்பத்துக்கு ஓடினார்கள். ஒருவன் குதித்து, தன் நிழல் காலுக்கடியில் மட்டும் இருப்பதைக் காட்டினான். அந்தக் கூச்சலில் ஆசாரி மகன் மட்டும் கம்பின் அடியில் கன்னத்தைத் தரையோடு வைத்துப் படுத்திருந்தான்.

"டீச்சர், முழுசாப் போகல."

"என்னடா?"

"வடக்குப் பக்கம் அரை நூல் இருக்கு."

தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். அரை நூல் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். கம்பைச் சுற்றி லேசாகக் கலங்கிய ஒரு வளையம் எனக்கும் தெரிந்தது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் நிழலின் விளிம்பு எப்போதும் அப்படித்தான் கலங்கும். ஒரு மீட்டர் கம்புக்கு அந்தக் கலங்கல் மட்டுமே 9 மில்லிமீட்டர் அகலம். அதில் அரை நூலை எங்கே தேடுவது? "அதெல்லாம் கணக்கில்லடா, எந்திரி" என்றேன். நோட்டு எழுதும் முறை அன்று கண்டக்டர் மகளுக்கு. "நிழல் இல்லைன்னு எழுது" என்றேன்.

மூன்று மணிக்கு ரோட்டு முக்கிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். தோழி சொன்னாள்: பன்னிரண்டு பத்துக்குக் குட்டையான நிழல், வடக்கே, ஐந்து சென்டிமீட்டர். "கறுப்பு முடியுற எடத்துலயா, மங்கல் முடியுற எடத்துலயா?" என்றேன். "நடுவுல" என்றாள். பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன்.

எட்டாம் வகுப்புக்குக் கோணவியல் கிடையாது. அதனால் ஒரு வழி செய்தோம். ஒரு மீட்டர் கயிற்றை முளையில் கட்டி மைதானத்தில் வட்டம் கிழித்து, அதன் சுற்றைச் சணல் வைத்து அளந்தோம். 6 மீட்டர் 28 சென்டிமீட்டர் வந்தது. வந்ததும் பையை 3.14 என்று மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கே நான் அந்த மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். சாய்வு சின்னது என்பதால் நிழலை அந்த வட்டத்தின் ஒரு துண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். 628-க்குள் 5 எத்தனை முறை போகும்? 125.6. சென்னைக்கு உள்ள தூரத்தை அதால் பெருக்க வேண்டும்.

"385 கிலோமீட்டர்" என்றாள் கண்டக்டர் மகள். அப்பா லைனில் போகிறவர், அதில் யாரும் அவளை எதிர்க்க முடியாது. பெருக்கினோம். 48,356.

புத்தகத்தில் 40,000. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கம்பைப் பார்த்தேன்.

ஏழாம் வகுப்பில் வாயாடி ஒருத்தி இருந்தாள், வருசத்துக்கு எத்தனை மைல் என்று கேட்டவள். "பஸ்ஸு திருச்சி சுத்திக்கிட்டுல்ல போகுது. சூரியன் பஸ்ஸுலயா வருது?" என்றாள். கண்டக்டர் மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பாவைச் சொன்னது போல. சுவர்ப்படத்தை இறக்கி, புதுக்கோட்டைக்கும் சென்னைக்கும் நூல் பிடித்து, அளவுகோட்டில் வைத்துப் பார்த்தோம். 340. பெருக்கினால் 42,704. தலைமையாசிரியர், "அட, கிட்ட வந்துருச்சேம்மா, இத்தோட விட்டுரு" என்றார். நல்ல யோசனைதான். விட்டிருக்கலாம்.

ஆனால் ஆசாரி மகன் வீட்டுக்கு ஓடி மூலைமட்டத்தை எடுத்துவந்தான். அவன் எதுவும் சொல்லவில்லை. படத்தின் ஓரத்தில் மட்டத்தை அணைத்துச் சென்னைக்கு நேராக ஒரு படுக்கைக் கோடு, நம் ஊருக்கு நேராக ஒரு படுக்கைக் கோடு பென்சிலால் போட்டான். சென்னை எங்களுக்கு நேர் வடக்கில் இல்லை, வடகிழக்கில் இருக்கிறது. உச்சி நிழலோ நேர் வடக்காகத்தான் விழுகிறது. அப்படியானால் வேண்டியது இரண்டு ஊருக்கு நடுவே உள்ள தூரமல்ல, இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள தூரம். இதை நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். 300 கிலோமீட்டர். பெருக்கினோம்.

37,680.

40,000-ஐத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. வழி சரியாகச் சரியாக விடையும் சரியாகும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம். "அப்ப எது டீச்சர் சரி?" என்றார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "மூணாவது வழிதான் சரி" என்றேன். "அப்ப பூமி சின்னதா?" என்றாள் வாயாடி.

அடுத்த மாதம் ஒன்றிய அளவில் அறிவியல் கண்காட்சி. எங்கள் நிழல் கணக்கை வைப்பதாக ஏற்பாடு. சார்ட் எழுத உட்கார்ந்தது நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில். பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்கட்டும் என்று முதலில் நினைத்தேன், பிறகு அழகாக இருக்க வேண்டுமே என்று நானே எழுதினேன். தவறு அங்கேதான் தொடங்கியது. சென்னை நிழல் ஐந்து என்று எழுதப் போகும்போது, நடுவில் அளந்தேன் என்று தோழி சொன்னது ஞாபகம் வந்தது. நடுவில் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்தானே? 4.7 என்று வைத்துப் பார்த்தேன். 40,085 வந்தது. பேனா தானாக எழுதியது என்று சொல்ல ஆசை. அப்படியில்லை. முதலில் பென்சிலில் எழுதி, சரிபார்த்து, பிறகு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் சார்ட்டின் கடைசி வரிக்கு நேராகப் போனார். "நாப்பதாயிரத்து எண்பத்தஞ்சா! பிரமாதம்" என்றார். கம்பையோ நோட்டையோ அவர் கேட்கவில்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது. எவர்சில்வர் தட்டும் சான்றிதழும். திரும்பும்போது பஸ்ஸில் ஆசாரி மகன் என் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தான். அவனாகப் பேசியது அந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக இருக்கும்.

"டீச்சர், சென்னையில அஞ்சுன்னுதானே சொன்னாங்க?"

"சார்ட்ல அப்படித்தாண்டா எழுதணும்" என்றேன்.

அவன் தலையாட்டினான். வாத்தியார்கள் செய்கிற பல காரியங்களுக்கு இப்படித் தலையாட்டிப் பழகிய பிள்ளை. அடுத்த ஏப்ரலில் எட்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டான்.

கொட்டகை இருந்த இடத்தில் இரண்டு அறை கான்கிரீட் கட்டடம் வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் நல்லது, குறை சொல்ல மாட்டேன். 2007-ல் ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை செயல்வழிக் கற்றல் வந்தபோது வண்ண அட்டைகள், ஏணிப்படிகள், பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை என்று பள்ளியின் முகமே மாறியது. அட்டையை எடுத்துத் தானே படிக்கிற குழந்தையைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று. அட்டையில் இருக்கும் கேள்விக்கு அட்டைக்குப் பின்னால் பதில் இருக்கும். குளமங்கலத்துக் குதிரைக்குப் பின்னால் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

நிழலில்லா நாளை அதற்குப் பிறகும் பல வருடம் நடத்தினேன். சென்னைத் தோழிக்குப் பதில் வேறு வேறு ஊர்க்காரர்கள் அளந்து சொன்னார்கள். வந்த எண்ணை வந்தபடியே எழுத வைத்தேன். ஒரு தடவை 44,000 சொச்சம், ஒரு தடவை 33,000. கண்காட்சிக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். சூரியன் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பாகை தெற்கே நகர்கிறது என்பதை இதற்கிடையில் ஒரு பஞ்சாங்க அட்டவணையில் படித்தேன். மீட்டர் கம்பின் நிழலில் அது ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர். நண்பகலில் நேர் உச்சிக்கு வருவது என்பது ஏதோ ஓர் ஊருக்குத்தான் வாய்க்கும். மற்ற ஊர்களுக்கு அதற்கு முந்தின நாளும் கொஞ்சம் நிழல், மறுநாளும் கொஞ்சம் நிழல். படித்தேன், அடிக்கோடிட்டேன், மூடி வைத்துவிட்டேன். எதுவும் தோன்றவில்லை.

2019 ஜூனில் மாற்றல் வந்தது. பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் அந்த நோட்டு கிடந்தது, மூலைகளைக் கரையான் தின்றது போக. கண்டக்டர் மகளின் உருண்டைக் கையெழுத்து. "26.8.2004. வியாழன். 12.00 மேகம். டீச்சர் பதட்டமாக உள்ளார்கள். 12.10 வெயில். 12.16 நிழல் இல்லை." அதற்குக் கீழே, வரிக்கும் வரிக்கும் நடுவே, தச்சர் பென்சிலின் தடித்த கோட்டில், வேறொரு கை:

"½ நூல். வடக்கு."

நான் அவனை எழுந்திருக்கச் சொன்ன பிறகு எப்போது எழுதினான் என்று தெரியவில்லை. அன்றேவா, பஸ்ஸில் தலையாட்டினதற்குப் பிறகா?

தரையில் உட்கார்ந்து நோட்டின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன். எங்கள் ஊரிலும் வடக்கே நிழல் இருந்தது என்றால், அதைச் சென்னை நிழலிலிருந்து கழிக்க வேண்டும். அரை நூல், 1.6 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டரில் அது போனால் 4.84. 628-ஐ அதால் வகுத்து 300-ஆல் பெருக்கினேன். 38,926. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். 1,246 கிலோமீட்டர் எங்களுக்குக் கிட்டே வந்திருந்தது பூமி. நான் திருடிச் சேர்த்தது 2,405.

"டீச்சர், இதையும் எடைக்குப் போட்டுரவா?" என்று கையை நீட்டினார் ஆயா. கொடுக்கவில்லை.

அவன் ஊரில் இல்லை, வெளிநாட்டில் ஏதோ மரவேலை என்றார்கள். சாயங்காலம் சென்னைத் தோழிக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்தோம், பிள்ளைகள் படிப்பு, அவளுடைய முட்டி வலி. பிறகு கேட்டேன்: "அன்னைக்கு அஞ்சுன்னு சொன்னியே, சரியா அஞ்சா, இல்ல அதுக்குக் கொஞ்சம் கம்மியா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எப்போ?" என்றாள்.